ஐசனாவரின் உரைகளும் அரசு அறிக்கைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டுவைட் ஐசனாவர் 1953 ஜனவரி 20 முதல் 1961 ஜனவரி 20 வரை அமெரிக்காவின் 34ஆவது அதிபராக இருந்தார். இரண்டாம் உலகப் போரில் மேற்கு ஐரோப்பாவில் நேச நாட்டுப் படைகளுக்குத் தலைமை தாங்கிய தளபதி அவர். கென்னடியையோ ரூஸ்வெல்ட்டையோ போல அவரைப் பேச்சாளர் என்று யாரும் கொண்டாடுவதில்லை. ஆயினும் அவர் சொன்ன இரண்டு மூன்று வாக்கியங்கள் இன்றும் உலகெங்கும் மேற்கோளாகச் சுற்றி வருகின்றன. அவர் பேசியவற்றையும், அவர் பெயரில் வெளியான அறிக்கைகளையும் மூலத்திலேயே படிக்க விரும்புவோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் கீழே உள்ளன.

ஐசனாவரின் உரைகளையும் அறிக்கைகளையும் முழுமையாக எங்கே படிக்கலாம்?

அமெரிக்க அரசு வெளியிடும் ‘அதிபர்களின் பொது ஆவணங்கள்’ என்ற நூல் வரிசையே முதன்மையான மூலம். ஜார்ஜ் வாஷிங்டன் காலம் தொட்டு அதிபர்கள் விடுத்த செய்திகளை ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொகுத்தளித்தார். அதற்குப் பிறகு நெடுங்காலம் அரசு முறையான தொகுப்பு எதையும் தொடர்ந்து வெளியிடவில்லை. அந்தக் குறை ஐசனாவர் ஆட்சியில்தான் தீர்ந்தது. அவருடைய 1957ஆம் ஆண்டு ஆவணங்கள் 1958இல் இவ்வரிசையின் முதல் தொகுதியாக அச்சேறின. முந்தைய ஆண்டுகளுக்கான தொகுதிகள் பின்னர் வந்தன. ஆண்டுக்கு ஒன்றாக ஏழும், 1960ஆம் ஆண்டையும் 1961இன் முதல் 20 நாட்களையும் சேர்த்து ஒன்றுமாக அவருக்கு மொத்தம் எட்டுத் தொகுதிகள் உள்ளன.

இணையத்தில் படிக்க விரும்புவோருக்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகம் நடத்தும் அமெரிக்க அதிபர் ஆவணத் தளம் மிகவும் வசதியானது. வரைவுகள், நாட்குறிப்புகள், கைப்படத் திருத்திய தாள்கள் ஆகியவை வேண்டுமென்றால், கான்சாஸ் மாநிலத்தில் ஐசனாவர் வளர்ந்த ஊரான அபிலீனில் உள்ள அதிபர் நூலகத்தை நாட வேண்டும். அந்நூலகம் முக்கியமான உரைகளின் வரைவுகள் பலவற்றை இணையத்திலும் ஏற்றியிருக்கிறது.

அத்தொகுதிகளில் எவை இருக்கும், எவை இரா?

பொது உரைகள், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்கு அனுப்பிய செய்திகள், சட்டமுன்வரைவுகளில் கையெழுத்திடும்போது வெளியிட்ட குறிப்புகள், அவற்றை நிராகரித்துத் திருப்பியனுப்பிய செய்திகள், செய்தியாளர் சந்திப்புகளின் முழு எழுத்துவடிவம், வெளிநாட்டுத் தலைவர்களுக்கு எழுதி வெளியிடப்பட்ட கடிதங்கள் ஆகியவை இருக்கும். ஒவ்வொன்றுக்கும் வரிசை எண்ணும் தேதியும் உண்டு. உரை எங்கே நிகழ்ந்தது என்பதும், செய்தியாளர் சந்திப்பென்றால் எத்தனை பேர் வந்திருந்தார்கள் என்பதும்கூட அடிக்குறிப்பில் கிடைக்கும்.

நிர்வாக ஆணைகளும் பிரகடனங்களும் இத்தொகுதிகளில் அச்சாவதில்லை. சட்டப்படி அரசிதழில் வெளியாக வேண்டியவை என்பதால் அவற்றின் பட்டியல் மட்டுமே பின்னிணைப்பில் தரப்படுகிறது. தேசியப் பாதுகாப்புக் கவுன்சிலில் நடந்த விவாதங்கள், அந்தரங்கக் கடிதங்கள், தொலைபேசி உரையாடல் குறிப்புகள் ஆகியவையும் இவற்றில் இல்லை. அதிபர் வெளியில் சொன்னதை மட்டும் படித்துவிட்டு அவர் நினைத்தது இதுதான் என்று முடிவு கட்டுவோர் இந்த இடைவெளியை மறந்துவிடுகிறார்கள்.

செய்தியாளர் சந்திப்பில் சொன்னதற்கும் எழுதிப் படித்த உரைக்கும் ஒரே எடை தரலாமா?

தரக்கூடாது. எழுதிப் படிக்கும் உரை பல கைகள் மாறி, வெளியுறவுத் துறையும் பாதுகாப்புத் துறையும் பார்த்த பிறகே வெளிவருகிறது. காங்கிரசுக்கு அனுப்பும் செய்தியில் ஒவ்வொரு சொல்லுக்கும் சட்டப் பொருள் உண்டு. செய்தியாளர் சந்திப்பில் தரும் விடையோ அந்த நேரத்தில் வாயில் வந்தது.

1957 ஜூலை 17 அன்று நடந்த செய்தியாளர் சந்திப்பு இதற்கு நல்ல சான்று. கூட்டாட்சி நீதிமன்றத்தின் தீர்ப்பை நிறைவேற்ற ஒரு மாநிலத்துக்குள் படையை அனுப்பும் சூழ்நிலை எதையும் தம்மால் கற்பனைகூடச் செய்ய முடியவில்லை என்று ஐசனாவர் அன்று கூறினார். பத்து வாரங்கள்கூட ஆகாத நிலையில், செப்டம்பர் 24 அன்று அவரே ஆர்க்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகருக்கு தரைப்படையின் 101ஆவது வான்வழிப் படைப்பிரிவின் வீரர்களை அனுப்பினார். ஜூலையில் சொன்னதைப் பொய் என்று சொல்ல வேண்டியதில்லை. அன்று அவர் மனத்தில் இருந்தது அதுதான். ஆனால் அதை அரசின் கொள்கை அறிவிப்பாக எடுத்துக்கொண்டவர்கள் ஏமாந்தார்கள்.

லிட்டில் ராக் உரையில் அவர் நிறப்பாகுபாட்டைக் கண்டித்தாரா?

நேரடியாகக் கண்டிக்கவில்லை. மத்திய உயர்நிலைப் பள்ளியில் சேர வந்த ஒன்பது கறுப்பின மாணவர்களைக் கும்பல் தடுத்தது. முதல் நாள் கும்பலைக் கலையச் சொல்லும் பிரகடனமும், மறுநாள் படையை அனுப்பும் 10730ஆம் எண் நிர்வாக ஆணையும் வெளியாயின. ரோட் ஐலண்டின் நியூபோர்ட்டில் விடுமுறையில் இருந்த ஐசனாவர், அன்று மாலையே வெள்ளை மாளிகைக்குத் திரும்பி அங்கிருந்து நாட்டு மக்களிடம் பேசினார். லிங்கன், ஜாக்சன், வில்சன் ஆகியோர் வாழ்ந்த இல்லத்திலிருந்து பேசினால்தான் தம் வருத்தமும் உறுதியும் சரியாக வெளிப்படும் என்று உரையின் தொடக்கத்திலேயே சொன்னார். மூன்று பெயர்களில் இரண்டு தென்மாநிலங்களில் பிறந்தவர்களுடையவை, மூன்றாவதான லிங்கனும் கென்டக்கியில் பிறந்தவரே என்பது தற்செயலாக இருக்க முடியாது.

உரை முழுவதும் சட்டத்தைப் பற்றியதே. கும்பலின் ஆட்சி நீதிமன்றத் தீர்ப்பை மீறிச் செல்ல விடக்கூடாது என்பதே அதன் சாரம். பள்ளிகளில் இனப் பிரிவினை அரசியலமைப்புக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்திருந்தது. அத்தீர்ப்பைப் பற்றிய தனிப்பட்ட கருத்துகளுக்கும் அதை நிறைவேற்றும் கடமைக்கும் தொடர்பில்லை என்றும் உரை கூறுகிறது. தீர்ப்பு வந்த இரண்டாம் நாள், 1954 மே 19 அன்று நடந்த செய்தியாளர் சந்திப்பிலும் அவர் நீதிமன்றம் பேசிவிட்டது, தாம் கீழ்ப்படிவேன் என்ற அளவில் நிறுத்திக்கொண்டார். தீர்ப்பு நியாயமானது என்று பதவிக் காலத்தில் ஒருமுறையாவது அவர் வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் தென்மாநிலங்களில் எதிர்ப்பு சற்றேனும் தளர்ந்திருக்கும் என்பது என் கருத்து. படையை அனுப்பத் துணிந்தவர் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத் துணியவில்லை.

உரைகளை அவரே எழுதினாரா?

முதல் வரைவை எழுதுவது பெரும்பாலும் பிறர். எம்மட் ஹியூஸ், சி.டி. ஜாக்சன், பிரைஸ் ஹார்லோ, ஆர்தர் லார்சன், மால்கம் மூஸ் ஆகியோர் வெவ்வேறு காலங்களில் அவருக்காக எழுதினார்கள். ஆனால் ஐசனாவருக்கும் இந்தத் தொழில் தெரியும். 1930களில் தளபதி மக்கார்தருக்கு உதவியாளராக வாஷிங்டனிலும் மணிலாவிலும் இருந்தபோது அறிக்கைகளையும் உரைகளையும் அவருக்காக எழுதியவர் அவர். அதனால் பிறர் எழுதித் தந்ததை அப்படியே வாசிக்க அவருக்கு மனம் வராது. அபிலீன் நூலகத்தில் உள்ள வரைவுகளில் அவருடைய பென்சில் திருத்தங்களைப் பார்க்கலாம். முதல் பதவியேற்பு உரைக்கு முன்னால் அவர் சொன்ன சிறு வழிபாட்டை அன்று காலையில் தாமே எழுதினார்.

‘இரும்புச் சிலுவை’ என்று குறிப்பிடப்படும் உரை எது?

1953 ஏப்ரல் 16 அன்று வாஷிங்டன் ஸ்டாட்லர் ஓட்டலில் அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர்கள் சங்கத்தில் நிகழ்த்திய உரை அது. ‘அமைதிக்கு ஒரு வாய்ப்பு’ என்பது அதன் பெயர். ஸ்டாலின் மார்ச் 5 அன்று இறந்திருந்தார். புதிய சோவியத் தலைமை எப்படி நடந்துகொள்ளும் என்று உலகம் காத்திருந்த அந்த ஆறு வாரங்களில் ஹியூசும் ஐசனாவரும் அதை உருவாக்கினார்கள்.

செய்யப்படும் ஒவ்வொரு துப்பாக்கியும், கடலில் இறக்கப்படும் ஒவ்வொரு போர்க்கப்பலும், ஏவப்படும் ஒவ்வொரு ராக்கெட்டும், உண்ண உணவின்றிப் பசித்திருப்போரிடமிருந்தும் உடுக்க உடையின்றிக் குளிரில் வாடுவோரிடமிருந்தும் திருடப்பட்டவையே என்பது அதில் உலகறிந்த வாக்கியம். அதையடுத்து வரும் கணக்கு அதைவிடக் கூர்மையானது. ஒரு நவீனக் கனரகக் குண்டுவீச்சு விமானத்தின் விலையில் 30க்கும் மேற்பட்ட நகரங்களில் தலா ஒரு செங்கல் பள்ளிக்கூடம் கட்டலாம். அல்லது 60,000 பேர் வாழும் ஊருக்கு மின்சாரம் தரும் நிலையம் இரண்டு, அல்லது எல்லா வசதிகளும் கொண்ட மருத்துவமனை இரண்டு, அல்லது 50 மைல் காங்கிரீட் சாலை அமைக்கலாம். ஒரே ஒரு போர் விமானத்துக்கு ஐந்து லட்சம் புஷல் கோதுமையை விலையாகக் கொடுக்கிறோம். ஒரு நாசகாரிக் கப்பலுக்கு 8,000க்கும் மேற்பட்டோர் குடியிருக்கக்கூடிய புதிய வீடுகளைக் கொடுக்கிறோம். இப்படி அடுக்கிவிட்டு, இது வாழ்க்கையே அன்று, போர் மேகத்தின் கீழ் மனிதகுலம் இரும்புச் சிலுவையில் தொங்குகிறது என்று அந்தப் பகுதியை முடிக்கிறார். 1896இல் அரசியல்வாதி வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் பேசிய ‘பொன் சிலுவை’ உரையின் எதிரொலி அதில் இருப்பதை அமெரிக்கக் கேட்போர் உடனே உணர்ந்திருப்பார்கள்.

அன்று ஐசனாவருக்குக் கடுமையான வயிற்றுவலி. மேடையைப் பிடித்துக்கொண்டு, வியர்த்துக் கொட்ட, நடுநடுவே சில பகுதிகளைத் தாண்டிப் படித்து முடித்தார்.

இவ்வுரையைப் போர் எதிர்ப்பாளர் ஒருவருடைய பேச்சாக மட்டும் இன்று பலர் பகிர்கிறார்கள். அதன் பிற்பகுதி அப்படிப்பட்டதன்று. கொரியாவில் கண்ணியமான போர்நிறுத்தம், ஆஸ்திரியாவுடன் ஒப்பந்தம், கிழக்கு ஐரோப்பிய நாடுகளுக்குத் தங்கள் அரசைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எனச் சோவியத் தலைமை செய்து காட்ட வேண்டியவற்றின் பட்டியல் அங்கே வருகிறது. மாஸ்கோவின் ‘பிராவ்தா’ நாளிதழ் ஏப்ரல் 25 அன்று மறுப்புரையுடன் சேர்த்து உரையை முழுமையாக அச்சிட்டது. பனிப்போரின் அந்தக் கட்டத்தில் அமெரிக்க அதிபரின் உரை சோவியத் வாசகர்கள் கையில் முழுதாகக் கிடைத்தது சாதாரணச் செய்தியன்று.

‘அமைதிக்காக அணு’ உரை உண்மையிலேயே எதையாவது மாற்றியதா?

மாற்றியது. அந்த மாற்றங்கள் அனைத்தும் அவர் எண்ணிய திசையில் போகவில்லை. 1953 டிசம்பர் 8 அன்று நியூயார்க்கில் ஐ.நா. பொதுச்சபையில் அவர் இவ்வுரையை நிகழ்த்தினார். அதற்கு முன் பெர்முடா தீவில் பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலுடனும் பிரெஞ்சுப் பிரதமர் லானியேலுடனும் மாநாடு நடத்திக்கொண்டிருந்தார். அங்கிருந்து பறந்து வரும்போது விமானத்திலேயே உரையின் இறுதி வடிவம் தட்டச்சாகிப் படியெடுக்கப்பட்டது. வேலை முடியும்வரை விமானம் நியூயார்க்கின் மேலே சுற்றிக்கொண்டிருந்தது.

முற்பகுதி அச்சமூட்டுவது. 1945 ஜூலை 16 முதல் அமெரிக்கா 42 அணு வெடிப்புச் சோதனைகளை நடத்தியிருக்கிறது, இன்றைய அணுகுண்டுகள் முதல் குண்டுகளைவிட 25 மடங்குக்கு மேல் ஆற்றல் கொண்டவை என்று எண்களோடு சொல்கிறார். பிற்பகுதி ஒரு யோசனை. அணு ஆற்றல் பெற்ற நாடுகள் தம் கையிருப்பிலிருந்து யுரேனியத்தையும் பிற பிளவுறும் பொருட்களையும் ஒரு பன்னாட்டு முகமையிடம் ஒப்படைக்க வேண்டும், அது அவற்றை மின்சாரத்துக்கும் மருத்துவத்துக்கும் வேளாண்மைக்கும் பயன்படச் செய்ய வேண்டும் என்பது அந்த யோசனை. அவர் பேசி முடித்ததும் சோவியத் பிரதிநிதி வைஷின்ஸ்கியும் கைதட்டினார்.

அந்த யோசனையின் விளைவாக 1957இல் பன்னாட்டு அணுசக்தி முகமை வியன்னாவைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்தது. ஆனால் உரையின் மையக் கருத்தான பொது அணு வங்கி, சொன்ன வடிவில் உருவாகவில்லை. நாடுகளுக்கிடையிலான இருதரப்பு ஒப்பந்தங்களே பெருகின. இந்தியாவுக்கு அதில் நேரடித் தொடர்பு உண்டு. 1955 ஆகஸ்டில் ஜெனீவாவில் கூடிய முதல் அமைதிவழி அணுசக்தி மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் ஹோமி பாபா. மும்பைக்கு அருகில் டிராம்பேயில் கனடாவின் உதவியுடன் கட்டப்பட்டு 1960இல் இயங்கத் தொடங்கிய சைரஸ் உலைக்கு அமெரிக்கா கனநீர் வழங்கியது. 1974இல் பொக்ரானில் வெடித்த சாதனத்தின் புளூட்டோனியம் அந்த உலையிலிருந்து வந்தது.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமைதிக்காக அணு என்று பேசிய இதே அதிபரின் எட்டு ஆண்டுகளில் அமெரிக்காவின் அணு ஆயுதக் கையிருப்பு ஏறத்தாழ 1,000இலிருந்து 18,000க்கும் மேலாக உயர்ந்தது. அந்த எண்கள் அவருடைய எந்த உரையிலும் இல்லை. பின்னாளில் இரகசியம் நீக்கப்பட்டபோதுதான் வெளிவந்தன.

செய்தியாளர்களிடம் பேசும்போது அவர் ஏன் அவ்வளவு குழப்பமாகப் பேசினார்?

சில நேரம் அது இயல்பு, சில நேரம் அது உத்தி. எட்டு ஆண்டுகளில் 193 செய்தியாளர் சந்திப்புகளை நடத்தினார். பெரும்பாலும் புதன்கிழமைகளில், வெள்ளை மாளிகையை அடுத்த நிர்வாக அலுவலகக் கட்டடத்தில் அவை நடந்தன. அதுவரை அதிபரின் விடையை அவருடைய அனுமதியின்றிச் சொல்லுக்குச் சொல் மேற்கோள் காட்டக்கூடாது என்ற வழக்கம் இருந்தது. செய்திச் செயலாளர் ஜேம்ஸ் ஹேகர்ட்டி அதைத் தளர்த்தினார். 1955 ஜனவரி 19 அன்று முதல்முறையாகப் படக்கருவிகள் அனுமதிக்கப்பட்டன. ஆனால் படச்சுருளை ஹேகர்ட்டியின் அலுவலகம் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே தொலைக்காட்சியில் காட்டலாம். நேரடி ஒளிபரப்பு 1961 ஜனவரியில் கென்னடியோடுதான் தொடங்கியது.

அந்தப் பதிவுகளை அப்படியே எழுத்தில் படித்தால் தலை சுற்றும். ஒரு வாக்கியம் தொடங்கும், நடுவில் இன்னொன்று புகும், எழுவாய் ஓரிடத்திலும் பயனிலை வேறிடத்திலும் நிற்கும். பத்திரிகையாளர்கள் இதைக் கேலி செய்து மகிழ்ந்தார்கள்.

1955 மார்ச்சில் நடந்தது வேறு கதை. சீனக் கரையை ஒட்டிய குவிமோய், மாட்சு தீவுகளைக் கம்யூனிஸ்டுச் சீனா தாக்கக்கூடும் என்ற பதற்றம் நிலவியது. மார்ச் 16 அன்று, படை இலக்குகளுக்கு எதிராகச் சிறிய அணு ஆயுதங்களைத் துப்பாக்கிக் குண்டைப் போலவே ஏன் பயன்படுத்தக்கூடாது என்று ஐசனாவர் பேசிவிட்டார். அடுத்த வாரம் இதைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாமென்று வெளியுறவுத் துறை கேட்டுக்கொள்வதாக ஹேகர்ட்டி தெரிவித்தார். “கவலைப்படாதே ஜிம், அந்தக் கேள்வி வந்தால் அவர்களைக் குழப்பிவிடுகிறேன்” என்று தாம் சொன்னதாக ஐசனாவரே தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். மார்ச் 23 அன்று கேள்வி வந்தது. போரில் மிக அதிகமாக மாறுவது மனித இயல்பு, மாறாத ஒரே பொருளும் மனித இயல்பு, ஒவ்வொரு போரும் அது மூண்ட விதத்தாலும் நடக்கும் விதத்தாலும் நம்மை வியக்க வைக்கும் என்று நீண்ட விடை தந்தார். கேட்டவருக்குத் தெளிவு கிடைக்கவில்லை, பெய்ஜிங்குக்கும் கிடைத்திருக்காது. அதுதான் நோக்கம்.

எல்லாக் குழப்பத்தையும் தந்திரம் என்று புகழும் போக்கு பிற்காலத்தில் வளர்ந்திருக்கிறது. அதையும் அளவோடுதான் ஏற்க வேண்டும். 1960 ஆகஸ்ட் 24 அன்று, துணை அதிபர் நிக்சன் முன்வைத்து நீங்கள் ஏற்றுக்கொண்ட முக்கிய யோசனை ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டபோது, “ஒரு வாரம் கொடுத்தால் ஒன்று நினைவுக்கு வரலாம்” என்றார். நிக்சன் அப்போது அதிபர் தேர்தலில் நின்றுகொண்டிருந்தார். எதிர்க்கட்சி அந்த வாக்கியத்தைத் தொலைக்காட்சி விளம்பரமாக்கியது. அதில் தந்திரம் எதுவும் இல்லை, சந்திப்பு முடியும் தறுவாயில் நாக்கு நழுவியது, அவ்வளவுதான்.

‘டொமினோ’ கோட்பாடு எந்த உரையில் வருகிறது?

எந்த உரையிலும் இல்லை. 1954 ஏப்ரல் 7 செய்தியாளர் சந்திப்பில், இந்தோசீனாவின் முக்கியத்துவம் என்ன என்ற கேள்விக்குத் தந்த விடையில் வருகிறது. வரிசையாக நிறுத்திய டொமினோக் கட்டைகளில் முதலாவதைத் தட்டினால் கடைசிக் கட்டையும் விரைவில் விழும் என்றார். ஒரு நாடு கம்யூனிஸ்டுகளின் கைக்குப் போனால் அண்டை நாடுகளும் ஒவ்வொன்றாகப் போய்விடும் என்பது அதன் பொருள். பிரெஞ்சுப் படை வியட்நாமின் தியன் பியன் பூவில் முற்றுகையில் சிக்கியிருந்த நேரம் அது. வாயில் வந்த ஓர் உவமை பின்வந்த அதிபர்களுக்கு வியட்நாம் கொள்கையாகவே ஆகிவிட்டது.

அவருடைய அரசு வெளியிட்ட அறிக்கைகளில் பொய்யானவை உண்டா?

உண்டு. 1960 மே 1 அன்று சோவியத் வானில் யு-2 உளவு விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. விமானி இறந்திருப்பார் என்று நம்பிய வாஷிங்டன், துருக்கியில் வானிலை ஆய்வு செய்துகொண்டிருந்த விமானம் வழி தவறியதாகக் கதை கட்டியது. அதை வெளியிட்டது நாசா. மே 7 அன்று, விமானி பவர்ஸ் உயிருடன் எங்கள் கையில் இருக்கிறார் என்று சோவியத் தலைவர் குருசேவ் அறிவித்தார். அடுத்து வெளியுறவுத் துறை, அத்தகைய பறப்புக்கு வாஷிங்டனில் யாரும் அனுமதி தரவில்லை என்றது. அதுவும் பொய். மே 11 அன்று செய்தியாளர் சந்திப்பின் தொடக்கத்தில் ஐசனாவர் தயாரித்து வந்த அறிக்கையைப் படித்தார். உளவு பார்ப்பது வெறுக்கத்தக்கது, ஆயினும் தவிர்க்க முடியாத தேவை, இன்னொரு பேர்ல் துறைமுகத் தாக்குதலை யாரும் விரும்பவில்லை என்று பொறுப்பைத் தாமே ஏற்றார். சில நாட்களில் பாரிஸ் உச்சி மாநாடு முறிந்தது.

பொது ஆவணத் தொகுதியை மட்டும் படிப்பவருக்கு மே 11 அறிக்கை கம்பீரமாகத் தெரியும். முதல் இரண்டு கதைகளும் வேறு அலுவலகங்களின் பெயரில் வெளிவந்தவை.

‘இராணுவ-தொழில்துறைக் கூட்டமைப்பு’ பற்றிய விடைபெறும் உரையில் அவர் உண்மையில் என்ன சொன்னார்?

1961 ஜனவரி 17 இரவு வெள்ளை மாளிகையிலிருந்து வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பேசினார். இராணுவ-தொழில்துறைக் கூட்டமைப்பு, தேடிப் பெற்றதாயினும் தேடாமல் வந்ததாயினும், தகாத செல்வாக்கை அடையாதபடி அரசின் மன்றங்களில் நாம் காத்துக்கொள்ள வேண்டும் என்பதே எல்லோரும் எடுத்தாளும் பகுதி.

அதற்கு முன்னால் உள்ளவற்றை அவ்வளவாக யாரும் எடுத்தாள்வதில்லை. இரண்டாம் உலகப் போர்வரை அமெரிக்காவில் நிலையான ஆயுதத் தொழில் இருந்ததில்லை, ஏர் செய்தவர்களே தேவைப்பட்டபோது வாளும் செய்தார்கள், இனி அப்படி முடியாது என்கிறார். பாதுகாப்புத் துறையில் 35 லட்சம் பேர் நேரடியாக ஈடுபட்டிருக்கிறார்கள், அமெரிக்க நிறுவனங்கள் அனைத்தின் நிகர வருவாயைவிட அதிகமாக ஆண்டுதோறும் படைக்குச் செலவிடுகிறோம் என்கிறார். இந்த வளர்ச்சியின் அவசியத்தை ஏற்கிறோம் என்றும் சொல்லிவிட்டுத்தான் எச்சரிக்கிறார். அதே மூச்சில் இரண்டாவது எச்சரிக்கையும் வருகிறது. ஆராய்ச்சி முழுவதும் அரசுப் பணத்தை நம்பியிருக்கும்போது, பொதுக் கொள்கையே அறிவியல்-தொழில்நுட்ப மேட்டுக்குடியின் பிடியில் சிக்கிவிடலாம் என்பது அது. நாளைய தலைமுறையின் வளங்களை இன்றைய சுகத்துக்காகச் சூறையாடக்கூடாது என்ற மூன்றாவது பகுதியும் உண்டு. முழு உரையைப் படித்தால், வரவு செலவுக் கணக்கைக் கறாராகப் பார்த்த ஒரு பழைய படைத்தலைவர்தான் பேசுகிறார் என்பது விளங்கும்.

இது கடைசி நேரத்தில் பிறந்த உரையும் அன்று. உரை எழுத்தாளர்களான மால்கம் மூசும் கடற்படை அதிகாரி ரால்ஃப் வில்லியம்சும் பேசிக்கொண்டதைப் பதிவு செய்யும் 1960 அக்டோபர் 31ஆம் தேதிக் குறிப்பு ஒன்று இருக்கிறது. போரை அடிப்படையாகக் கொண்ட தொழில்துறைக் கூட்டமைப்பு என்ற கருத்து அதிலேயே வந்துவிட்டது. மூசின் குடும்பத்தார் மின்னசோட்டாவில் வைத்திருந்த பெட்டிகளிலிருந்து மேலும் பல வரைவுகள் 2010இல் வெளிவந்தன. ஐசனாவரின் தம்பி மில்டன் அவற்றில் நிறையத் திருத்தியிருக்கிறார். முதல் வரைவில் ‘காங்கிரஸ்’ என்ற சொல்லும் அந்தத் தொடரில் இருந்தது, பின்னர் வெட்டப்பட்டது என்று பரவலாகச் சொல்லப்படுவதற்கு இவ்வரைவுகளில் உறுதியான சான்று காணப்படவில்லை.

மறுநாள் நடந்த கடைசிச் செய்தியாளர் சந்திப்பில் இந்த எச்சரிக்கையைப் பற்றிக் கேட்டபோது அவர் தந்த விடை உரையைவிட உயிருள்ளது. எந்தப் பத்திரிகையைத் திறந்தாலும், எதற்கு விளம்பரம் என்றாலும், டைட்டன் ஏவுகணையின் படமோ அட்லஸ் ஏவுகணையின் படமோ இருக்கிறது, இந்த நாடு செய்வதெல்லாம் ஆயுதம்தான் என்ற எண்ணம் நம் மனத்துக்குள் நைசாகப் புகுந்துவிடுகிறது என்றார். அதே சந்திப்பில், செய்தியாளர்கள் உங்களை நியாயமாக நடத்தினார்களா என்று ஒருவர் கேட்டார். ஒரு செய்தியாளர் அதிபரை அப்படி என்ன செய்துவிட முடியும் என்று திருப்பிக் கேட்டார் ஐசனாவர்.

இந்தியாவில் அவர் நிகழ்த்திய உரைகள் கிடைக்குமா?

1959ஆம் ஆண்டுத் தொகுதியில் கிடைக்கும். பதவியில் இருக்கும்போது இந்தியாவுக்கு வந்த முதல் அமெரிக்க அதிபர் அவர். டிசம்பரில் 11 நாடுகளைச் சுற்றிய பயணத்தின்போது டெல்லிக்கு வந்தார். டிசம்பர் 10 அன்று நாடாளுமன்றத்தின் இரு அவைகளுக்கும் முன்னால் பேசினார், மறுநாள் உலக வேளாண்மைக் கண்காட்சியில் பேசினார். இரண்டில் பின்னதே படிக்கத் தகுந்தது என்று நினைக்கிறேன். பசி என்ற ஒரு தீமையையாவது ஒழிக்கும் அறிவியல் திறன் இன்று மனிதனிடம் இருக்கிறது என்பது அதன் மையம்.

அதோடு சேர்த்துப் படிக்க வேண்டியவை பி.எல். 480 தொடர்பான ஆவணங்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் ரேஷன் கோதுமையோடு சேர்த்து நினைவுகூரும் அந்தச் சட்டத்தில் ஐசனாவர் 1954 ஜூலை 10 அன்று கையெழுத்திட்டார். உபரி தானியத்தை வெளிநாட்டுக்கு அந்தந்த நாட்டுப் பணத்துக்கே விற்க அது வழி செய்தது. 1960 மே 4 அன்று இந்திய உணவு அமைச்சர் எஸ்.கே. பாட்டீலுடன், நான்கு ஆண்டுகளில் 1.7 கோடி டன் தானியம் வழங்கும் ஒப்பந்தத்தில் அவரே கையெழுத்திட்டார்.

வானத்திலிருந்து அவர் குரல் கேட்டது என்பது உண்மையா?

உண்மை. 1958 டிசம்பர் 18 அன்று ஏவப்பட்ட ஸ்கோர் செயற்கைக்கோளில் அவருடைய குரல் நாடாவில் பதிவு செய்து வைக்கப்பட்டிருந்தது. உலக மக்கள் அனைவருக்கும் அமைதி வாழ்த்துச் சொல்லும் சில வாக்கியங்கள்தான் அதில் இருந்தன. அதற்கு முந்தைய ஆண்டு சோவியத்தின் ஸ்புட்னிக் பறந்தபோது, அந்தச் செயற்கைக்கோள் தம் அச்சத்தை இம்மியளவும் கூட்டவில்லை என்று செய்தியாளர்களிடம் சொன்னவர் அவர்.

அதிகம் பேசப்படாத ஆவணம் ஒன்றைப் பரிந்துரைக்க முடியுமா?

1956 பிப்ரவரி 17 அன்று இயற்கை எரிவாயு சட்டமுன்வரைவை நிராகரித்துக் காங்கிரசுக்கு அனுப்பிய செய்தியைப் பரிந்துரைப்பேன். அதன் நோக்கங்களோடு அவருக்குப் பெரும்பாலும் உடன்பாடு உண்டு. அது நிறைவேற வேண்டும் என்றே விரும்பினார். ஆனால் அதை ஆதரித்த தரப்பைச் சேர்ந்த ஒருவர் செனட் உறுப்பினர் பிரான்சிஸ் கேசின் தேர்தல் நிதிக்கு 2,500 டாலர் கொடுக்க முன்வந்தார், கேஸ் அதை அவையிலேயே அம்பலப்படுத்தினார். சட்டம் சரியாக இருந்தாலும் அதைக் கொண்டுவர மேற்கொண்ட வழி ஆணவமானது என்று கூறி ஐசனாவர் கையெழுத்திட மறுத்தார். சில பத்திகளே கொண்ட இச்செய்தியில் அலங்காரம் எதுவும் இல்லை.

இவ்வுரைகளை மொழிபெயர்த்து வெளியிட அனுமதி வேண்டுமா?

அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் அலுவலர்கள் பணி நிமித்தம் உருவாக்கும் எழுத்துகளுக்கு அந்நாட்டுச் சட்டப்படி பதிப்புரிமை இல்லை. ஆகவே அதிபராக இருந்தபோது அவர் ஆற்றிய உரைகளையும் அறிக்கைகளையும் எடுத்தாளலாம். பதவிக்குப் பின் அவர் எழுதிய நினைவுக் குறிப்பு நூல்களுக்கு இது பொருந்தாது. மேற்கோள் காட்டும்போது தேதியுடன் அது உரையா, செய்தியாளர் சந்திப்பு விடையா, எழுத்து அறிக்கையா என்பதையும் குறிப்பிடுவது நல்லது.